வெளிநாட்டு வேலை அனுமதி: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டு வேலை அனுமதி பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். ஊர் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் தந்திருக்கிற கடதாசி உண்மையானதா? கடதாசியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதற்கு விடை கிடைக்காது. வேலை அனுமதி என்பது ஓர் அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏறிய பதிவு. அந்தப் பதிவை எந்தத் திணைக்களம் வைத்திருக்கிறது, அதில் எந்தப் பகுதியை வெளியார் பார்க்கலாம் என்று தெரிந்தால் வீட்டிலிருந்தே பெரும்பாலானவற்றைச் சோதித்துவிடலாம். கீழே உள்ள கட்டணங்களும் சம்பள அளவுகளும் 2025 இல் நடைமுறையில் இருந்தவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசாங்கத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

என்ர மருமகனுக்கு லண்டன் கொம்பனி ஒண்டு 'ஸ்பொன்சர்ஷிப் சேர்ட்டிபிக்கேட்' அனுப்பியிருக்கு எண்டு ஏஜென்சிக்காரர் வட்ஸ்அப்பில ஒரு பி.டி.எஃப். காட்டுறார். மேல முத்திரை, கீழ கையெழுத்து எல்லாம் இருக்கு. மிச்சக் காசைக் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகினம். கட்டலாமோ? – த.க., பரந்தன்

கட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் அந்த முத்திரைதான் முதல் சந்தேகம். பெயரில் சேர்ட்டிபிக்கேட் என்று இருந்தாலும் அது கடதாசியே அல்ல. ஆட்களை எடுக்க உரிமம் பெற்ற தொழில் வழங்குநர், பிரித்தானிய உள்துறை அமைச்சின் கணினி முறைமைக்குள் போய், ஒரு வேலையாளின் பெயரில் ஏற்றும் பதிவு அது. பதிவு ஏறியதும் ஓர் இலக்கம் விழும். வேலையாளுக்குத் தேவையானது அந்த இலக்கம் மட்டுமே. சில கொம்பனிகள் பதிவின் விவரங்களை அச்செடுத்து அனுப்புவதுண்டு. அதில் கொம்பனியின் பெயர், உரிம இலக்கம், வேலையின் பெயர், 4 இலக்கத் தொழிற் குறியீடு, சம்பளம், வார வேலை மணித்தியாலம், வேலைத்தல முகவரி, தொடங்கும் திகதி ஆகியவை இருக்கும். முத்திரையோ மெழுகோ இருக்காது.

இப்போது சோதிக்கும் வழி. பிரித்தானிய அரசாங்கத்தின் தளத்தில் உரிமம் பெற்ற ஸ்பொன்சர்களின் பட்டியல் இலவசமாக இருக்கிறது. வேலை நாட்களில் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். கோப்பைத் தரவிறக்கித் திறந்தால் 5 நிரல்கள் தெரியும்: நிறுவனத்தின் பெயர், நகரம், கவுண்டி, வகையும் தரமும், விசாப் பிரிவு. தேடும்போது கடைப் பலகையில் உள்ள பெயரைத் தேடாமல் சட்டப்படி பதிந்த பெயரைத் தேடுங்கள். ஒரு பெயரில் உணவகம் நடத்துவார்கள், கொம்பனி வேறு பெயரில் பதிந்திருக்கும். சட்டப் பெயரையும் 8 இடக் கொம்பனி இலக்கத்தையும் அங்குள்ள கொம்பனிப் பதிவகத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கொம்பனி என்றைக்குத் தொடங்கியது என்பதும் அங்கேயே தெரியும்.

பட்டியலில் பெயர் கிடைத்தால் தர நிரலைப் பாருங்கள். 'ஏ' தரம் என்று இருக்க வேண்டும். 'பி' தரத்துக்கு இறக்கப்பட்ட நிறுவனம் புதிதாக ஆள் எடுக்க முடியாது. கடைசி நிரலில் 'ஸ்கில்ட் வேர்க்கர்' (திறன்வாய்ந்த வேலையாளுக்கான விசா) என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு கோவில் சமயப் பணியாளருக்கான உரிமம் வைத்திருக்கலாம். அந்த உரிமத்தில் மின்னிணைப்பாளரை எடுக்க முடியாது.

பலர் ஏமாறும் இடம் இதற்குப் பிறகுதான். பட்டியலில் கொம்பனி இருப்பது, அந்தக் கொம்பனி உங்கள் மருமகனை எடுத்திருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. மோசடிக்காரர் பட்டியலைத் திறந்து நல்ல கொம்பனி ஒன்றின் பெயரைத்தான் எடுப்பார்கள். ஆகவே கொம்பனியின் தொலைபேசி இலக்கத்தை நீங்களே தேடி எடுத்து, ஆளணிப் பிரிவிடம் நேரே கேளுங்கள். பி.டி.எஃப். இல் போட்டிருக்கும் இலக்கத்துக்கு எடுத்தால் அவர்களுடைய ஆள்தான் எடுப்பார். இலக்கத்தைச் சரிபார்க்க என்று ஒரு இணைப்பு அனுப்பினால் அதைத் தொடவே வேண்டாம். ஸ்பொன்சர்ஷிப் இலக்கத்தைப் பொதுமக்கள் சரிபார்க்கும் தளம் எதையும் பிரித்தானிய அரசாங்கம் நடத்தவில்லை. விசா விண்ணப்பம் போகும்போதுதான் அந்த இலக்கம் சோதிக்கப்படும்.

காசு விடயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்தப் பதிவுக்கான கட்டணம் 2025 ஏப்ரல் 9 முதல் 525 பவுண். அதைக் கட்ட வேண்டியது தொழில் வழங்குநர். 2024 டிசம்பர் 31 முதல் வழங்கப்பட்ட பதிவுக்கான கட்டணத்தை ஸ்கில்ட் வேர்க்கரிடம் திருப்பி வாங்கினால் அந்த நிறுவனத்தின் உரிமமே போகலாம். "கொம்பனி கட்டிய ஸ்பொன்சர் காசு" என்று கேட்டால், ஒன்றில் பொய், அல்லது உரிமத்தை இழக்கப்போகும் கொம்பனி. இரண்டுமே உங்களுக்கு ஆகாது. விசாக் கட்டணமும் சுகாதாரக் கட்டணமும் வேறு. அவை விண்ணப்பிப்பவர் செலுத்துபவை, அவற்றைப் பிரித்தானிய அரசாங்கத்தின் தளத்திலேயே நேரடியாகச் செலுத்தலாம்.

சம்பளத்தையும் பாருங்கள். 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 41,700 பவுண். சில பிரிவுகளுக்குக் குறைவு உண்டு, ஆனாலும் 24,000 என்று எழுதிய கடிதத்தோடு ஒரு சமையலாளரை எடுக்க முடியாது. பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் அதே நாளோடு நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் 'கெயார் விசா' விற்பவரிடம் போக வேண்டாம்.

உண்மையான பதிவு என்றே வைத்துக்கொள்வோம். ஏற்றிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதைப் பாவித்து விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் அது காலாவதி. விண்ணப்பம் போய் முடிவு வருவதற்குள் கொம்பனியின் உரிமம் பறிபோனால் விசாவும் மறுக்கப்படும். எனவே பட்டியலை முதல் நாள் பார்த்ததோடு விடாமல், விண்ணப்பிக்கும் நாளிலும் புறப்படும் கிழமையிலும் மறுபடி பாருங்கள். போலிப் பதிவோடு விண்ணப்பித்து ஏமாற்று என்று முடிவானால் 10 ஆண்டுத் தடை விழும். நாங்களும் ஏமாற்றப்பட்டோம் என்று பின்னர் சொல்வதற்கு அங்கே அதிகம் இடமில்லை.

கனடாவுக்கு எல்.எம்.ஐ.ஏ. வந்திட்டுது, வேர்க் பேர்மிற்றும் அடிச்சு வந்திட்டுது எண்டு கொழும்பில ஒருத்தர் காட்டினவர். ரெண்டும் ஒண்டுதானே? – வாசகி, வவுனியா

இரண்டும் வேறு, வைத்திருக்கும் திணைக்களங்களும் வேறு. எல்.எம்.ஐ.ஏ. என்பது தொழில் வழங்குநருக்குக் கிடைக்கும் அனுமதி. அந்த வேலைக்குக் கனேடியர் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து எடுக்கலாம் என்று வேலைவாய்ப்பு அமைச்சு சொல்லும் முடிவு அது. வேர்க் பேர்மிற் என்பது வேலையாளுக்குக் குடிவரவுத் திணைக்களம் தருவது.

உங்களுக்குக் காட்டிய பேர்மிற் போலி என்று இங்கிருந்தே சொல்லலாம். கனடாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அனுமதி கிடைத்தால் கையில் வருவது ஓர் அறிமுகக் கடிதமும் கடவுச்சீட்டில் ஒட்டும் விசாவும்தான். வேர்க் பேர்மிற் கனடாவில் இறங்கும்போது எல்லை அதிகாரி அச்சிட்டுத் தருவது. கொழும்பில் இருக்கும் ஒருவரிடம் அது அச்சாகி வந்திருக்க வழியில்லை.

எல்.எம்.ஐ.ஏ. ஐச் சோதிக்க ஒரு பொதுப் பட்டியல் உண்டு. அனுமதி பெற்ற தொழில் வழங்குநர்களின் பெயர், முகவரி, மாகாணம், தொழில், எத்தனை இடங்கள் என்பவற்றைக் கனேடிய அரசாங்கம் 3 மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியவை சில. பட்டியல் பிந்தித்தான் வரும், ஆகவே போன மாதம் கிடைத்த அனுமதி அதில் இல்லாமல் போகலாம். தனி ஆளின் பெயரில் நடக்கும் தொழில்களும் வீட்டுப் பராமரிப்பு வேலைகளும் அதில் சேர்க்கப்படுவதில்லை. வேலையாளின் பெயர் எங்கும் வராது. "உங்கட பெயர் லிஸ்டில இருக்கு" என்று யாராவது சொன்னால் அது அரசாங்கப் பட்டியல் அல்ல. விதி மீறிய தொழில் வழங்குநர்களின் பட்டியலும் தனியாக உண்டு, அதையும் பாருங்கள்.

ஓர் இடத்துக்கான எல்.எம்.ஐ.ஏ. கட்டணம் 1,000 கனேடிய டொலர். அதைத் தொழில் வழங்குநர் கட்ட வேண்டும், வேலையாளிடம் அறவிடக்கூடாது. எங்கள் ஊர்களில் காணியை ஈடு வைத்து இதை 'வாங்கின' குடும்பங்கள் இருக்கின்றன. வாங்குவதும் விற்பதும் நிரந்தர வதிவிடப் புள்ளிகளுக்காகவே பெருகின என்பதால், 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி எனும் நிரந்தர வதிவிடத் தெரிவு முறையில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான மேலதிகப் புள்ளிகளைக் கனடா நீக்கிவிட்டது. அந்தப் புள்ளிக்கென்று இன்னும் எவராவது விலை சொன்னால் இல்லாத பொருளை விற்கிறார். பொய் விவரம் கொடுத்தது தெரியவந்தால் 5 ஆண்டுத் தடை.

இடம்பெயர்வில எல்லாம் போட்டுது. பிறப்புச் சான்றிதழில ஒரு பெயர், அடையாள அட்டையில இன்னொரு விதம், பாஸ்போட்டில வேற எழுத்து. தாதி வேலைக்கு விண்ணப்பிக்கப் போற என்ர மகளுக்கு இதால பிரச்சினை வருமோ? – ஒரு தாய், மல்லாவி

வரும் அம்மா. இதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் விண்ணப்பத்தில் கைவைக்க வேண்டும். வேலை அனுமதிப் பதிவு பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் மூன்றையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் இரண்டு ஆட்கள் என்றே கணினி எடுத்துக்கொள்ளும்.

எங்கள் ஆவணங்களில் பிழை எங்கே நுழைகிறது என்று பாருங்கள். பிறப்புப் பதிவு தமிழில் இருக்கும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் தன் காதில் விழுந்தபடி எழுதுவார். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலமே கிடையாது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தை நிரப்பியவர் இன்னொரு விதமாக எழுதியிருப்பார். 'சிவா' என்று தொடங்கும் ஒரு பெயரை எடுத்தால், ஆங்கிலத்தில் முதல் எழுத்துக்குப் பின் 'எச்' போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். இரண்டுமே சரிதான், ஆனால் ஒருவருக்கு இரண்டும் இருக்கக்கூடாது. தகப்பன் பெயர் இன்னொரு சிக்கல். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, கடவுச்சீட்டிலோ அதற்கொரு கட்டம் இருக்கிறது. அங்கே தகப்பன் பெயர் போயிருக்கும். லண்டன் வேலையென்றால், கொம்பனியின் எழுதுவினைஞர் மகளின் பெயரைக் குடும்பப் பெயராகவும் தகப்பன் பெயரை அவளுடைய பெயராகவும் ஏற்றிவிடுவார். இப்படியான சிறு பிழையைப் பதிவு பாவிக்கப்படுவதற்கு முன் கொம்பனி ஒரு குறிப்புச் சேர்த்துத் திருத்தலாம். விண்ணப்பம் போன பிறகு திருத்துவது பெரும்பாடு. ஆகவே ஸ்பொன்சர்ஷிப் இலக்கம் வந்த அன்றே, பதிவில் உள்ள விவரங்களைக் கடவுச்சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

திருத்தும் ஒழுங்கு இது. அடி பிறப்புச் சான்றிதழ். மூலம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவிலக்கம் தெரியாவிட்டாலும் பிறந்த இடம், திகதி, பெற்றோர் பெயர் கொடுத்துத் தேடுவிக்கலாம். பிரதேசப் பதிவேடு போரில் அழிந்திருந்தால் அதோடு கைவிட வேண்டாம், பதிவாளர் நாயகத் திணைக்களத்தின் மத்திய பதிவேட்டறையில் இன்னொரு பிரதி இருக்கக்கூடும், அங்கும் தேடச் சொல்லிக் கேளுங்கள். பதிவே இல்லை என்று எழுத்தில் வந்தால் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குப் போங்கள். சிலரிடம் உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கும். அது வயதுக்கு மட்டும் பயன்படுகிறது. வெளிநாட்டு விண்ணப்பத்தில் பெற்றோரைக் காட்ட வேண்டிய இடத்தில் அதனால் நிற்க முடியாது.

பிறப்புப் பதிவு சரியானதும் அடையாள அட்டை, அதன் பின் கடவுச்சீட்டு. கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை, வவுனியாவிலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது. கடவுச்சீட்டில் எந்த ஆங்கில எழுத்து வந்ததோ, அதுவே இனி அளவுகோல். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பவரிடம் கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, பெயரை இதன்படியே எழுதுங்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு வேலை பல சிக்கலைத் தவிர்க்கும். சான்றிதழ்களை வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சில் அத்தாட்சிப்படுத்த யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலுள்ள கொன்சியூலர் அலுவலகம் போதும்.

அடையாள அட்டை இலக்கத்திலும் கண் வையுங்கள். 2016 க்கு முன் பெற்ற அட்டைகளில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். இப்போது 12 இலக்கம். பழையது 78521 என்று தொடங்கினால், 1978 இல் பிறந்தவர், அடுத்த 521 இல் 500 பெண் என்பதற்கு, மிச்சம் 21 ஆவது நாள், அதாவது ஜனவரி 21. புதிய முறையில் ஆண்டு முழுதாக 1978 ஆகும், நாள் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் நுழையும், கடைசி எழுத்து போய்விடும். ஆள் ஒருவரே, ஆனால் பழைய பரீட்சைப் பெறுபேறு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பழைய பதிவு எல்லாம் பழைய இலக்கத்தில் கிடக்கும். எந்த அலுவலகத்தில் தேடச் சொன்னாலும் இரண்டு இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். "பதிவு இல்லை" என்று வரும் பதில்கள் சில இதனால்தான் வருகின்றன.

நேரடி விசாவில போறன், ஏஜென்சி இல்லை. பிறகு ஏன் வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிய வேணும்? – வெல்டர், புதுக்குடியிருப்பு

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்குப் போகிற எவரும் புறப்படும் முன் பதிய வேண்டும். ஏஜென்சி ஊடாகப் போனாலும் சொந்த முயற்சியில் போனாலும் ஒன்றுதான். விமான நிலையத்தில் மறிப்பார்கள் என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீங்கள் எந்தக் கொம்பனிக்கு, எந்தச் சம்பளத்துக்கு, எந்த ஒப்பந்தத்தில் போனீர்கள் என்பதற்கு இலங்கை அரசாங்கத்திடம் இருக்கும் பதிவு இது ஒன்றே. அங்கே சம்பளம் தராமல் விட்டாலோ, விபத்து நடந்தாலோ தூதரகம் முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான். காப்புறுதியும் இதோடுதான் வருகிறது. பதிவு 2 வருடத்துக்குச் செல்லும், தொடர்ந்து அங்கே நிற்பதானால் புதுப்பிக்க வேண்டும்.

கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றோடும் போங்கள். இலங்கைத் தூதரகம் உள்ள நாடென்றால் ஒப்பந்தத்தைத் தூதரகம் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். பலர் மினக்கெடுவது இங்கேதான், அதனால் விசா வந்த பிறகு தொடங்காமல் ஒப்பந்தம் வந்ததுமே தொழில் வழங்குநரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் 'வெல்டர்' என்றும் விசாவில் 'தொழிலாளி' என்றும் இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். வளைகுடாவில் சம்பளமும் பிறகு வேலை மாறும் உரிமையும் விசாவில் உள்ள தொழிற் பெயரைப் பிடித்தே பேசப்படும்.

ஏஜென்சி ஊடாகப் போகிறவர்கள் உரிம இலக்கத்தையும் அதன் காலாவதித் திகதியையும் பணியகத்தின் தளத்தில் பார்க்க வேண்டும். உரிமம் கொழும்பு ஏஜென்சிக்கு இருக்கும், ஊரில் காசு வாங்குகிறவர் ஓர் இடைத்தரகராக இருப்பார். அவர் கையில் கொடுத்த காசுக்குப் பணியகத்தில் முறையிடுவது கடினம். பற்றுச்சீட்டு ஏஜென்சியின் பெயரில் வர வேண்டும். குறிப்பிட்ட வேலைக்கும் அந்த ஏஜென்சிக்கும் பணியகத்தின் அனுமதி உண்டா என்பதையும் தனியாகக் கேளுங்கள். கொரிய வேலைக்கு ஏஜென்சியே கிடையாது, பணியகம் நேரடியாக அனுப்புகிறது.

பத்தரமுல்லையிலுள்ள பணியகத் தலைமை அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். முதற் கேள்விகளை அவரிடமே கேட்கலாம். பணியகத்தின் தொலைபேசி 1989.

அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். அமெரிக்க எச்-1பி வேலைகளில் எந்தக் கொம்பனி எவ்வளவு சம்பளம் கொடுக்கிறது என்று வெளியில் தெரியுமா? – மாணவர், கிளிநொச்சி

தெரியும். இந்தத் தரவுகளைத் திறந்து வைப்பதில் மற்ற நாடுகளைவிட அமெரிக்கா முன்னால் நிற்கிறது. எச்-1பி, அதாவது பட்டம் தேவைப்படும் சிறப்புத் தொழில்களுக்கான தற்காலிக வேலை விசாவில், ஆள் எடுக்க விரும்பும் கொம்பனி முதலில் தொழில் திணைக்களத்தில் தொழில் நிபந்தனை விண்ணப்பம் ஒன்றைப் போட வேண்டும். அதில் தொழில், வேலை செய்யும் நகரம், கொடுக்கும் சம்பளம், அந்த இடத்தில் அதே வேலைக்கு நிலவும் சம்பளம் எல்லாம் இருக்கும். இந்த விண்ணப்பங்களின் தொகுப்பைத் திணைக்களம் காலாண்டுக்கு ஒருமுறை எக்செல் கோப்பாக வெளியிடுகிறது. வேலையாளின் பெயர் இருக்காது. கொம்பனி, நகரம், தொழிற் குறியீடு மூன்றையும் வடிகட்டினால் உங்கள் துறைக்கு என்ன சம்பளம் என்பது கையில் வந்துவிடும். எத்தனை பேருக்கு அனுமதி கிடைத்தது என்ற கணக்கு வேறு திணைக்களத்திடம் இருக்கிறது. குடிவரவுச் சேவையின் தரவுத்தளத்தில் 2009 நிதியாண்டு முதல் கொம்பனி வாரியாகப் பார்க்கலாம்.

யாராவது ஒரு கடிதத்தைக் காட்டினால் இலக்கத்தைப் பாருங்கள். தொழில் நிபந்தனை விண்ணப்பம் எச்-1பிக்கு என்றால் 'ஐ-200' என்று தொடங்கும். அடுத்த 5 இலக்கம் திகதி. 24015 என்றால் 2024 இன் 15 ஆவது நாள். கடிதத்தின் திகதி அதற்கு முந்தியதாக இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். குடிவரவுச் சேவையின் இலக்கம் 3 ஆங்கில எழுத்தும் 10 இலக்கமும் கொண்டது, அதை அவர்களின் தளத்தில் போட்டால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று வரும்.

முதல் விண்ணப்பம் சான்றுபடுத்தப்பட்டது விசா கிடைத்ததாக ஆகாது. 7 வேலை நாளில் வந்துவிடும் கட்டம் அது. அதற்குப் பின்னால்தான் வருடத்துக்கு 65,000 பேர், அமெரிக்க முதுமாணிப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000 பேர் என்ற எல்லைக்குள் தெரிவு வருகிறது. 2025 செப்டெம்பர் 21 முதல், வெளிநாட்டிலிருப்பவருக்கான புதிய விண்ணப்பத்தோடு கொம்பனி 1,00,000 டொலர் செலுத்த வேண்டும் என்று ஜனாதிபதிப் பிரகடனம் ஒன்றும் வந்தது. இவ்வளவு செலவழித்து உங்களை எடுக்கும் கொம்பனி, உங்களிடம் பதிவுக் காசு கேட்டு மின்னஞ்சல் போடாது.

2008 இல டுபாயில மின்னிணைப்பாளரா வேலை செய்தனான். கொம்பனி மூடியாச்சு. அனுபவத்தைக் காட்டச் சொல்லுகினம். அரசாங்கங்களிட்டப் பழைய பதிவு இருக்குமோ? – சி.ம., முருங்கன்

எங்கள் ஆட்கள் எண்ணுவதைவிடக் குறைந்த காலமே இவை வைக்கப்படுகின்றன. பிரித்தானியாவில் ஸ்பொன்சர் நிறுவனம் வேலையாளின் ஆவணங்களை ஸ்பொன்சர்ஷிப் முடிந்து 1 வருடம் வரையே வைத்திருக்கக் கடமைப்பட்டது. கனடாவில் தொழில் வழங்குநருக்கு 6 வருடம். அமெரிக்காவில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் எச்-1பி கோவையை அந்த விண்ணப்பத்தின் கீழான வேலை முடிந்து 1 வருடமும் சம்பளப் பதிவை 3 வருடமும் வைத்திருந்தால் போதும். தொழில் நிபந்தனை விண்ணப்பங்களின் மின்பதிவுகளை 5 ஆண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று அமெரிக்கத் தொழில் திணைக்களம் 2014 இல் அறிவித்தபோது ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்ததில் நியாயம் உண்டு. பத்து வருடத்துக்குப் பின் ஒருவர் உரிமை கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இலங்கையில் நிலைமை சற்று நல்லது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், சட்டம் வந்தபோது இருந்த பதிவுகளைக் குறைந்தது 10 வருடமும், பின்னர் உருவானவற்றை 12 வருடமும் காக்கச் சொல்கிறது. அந்த 10 வருடக் கெடு இப்போது முடியும் காலம். ஆகவே உங்கள் 2008 பதிவை இந்த மாதமே கேளுங்கள். பணியகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அன்றைய கடவுச்சீட்டு இலக்கம், பழைய அடையாள அட்டை இலக்கம், போன மாதம், கொம்பனியின் பெயர் ஆகியவற்றை எழுதி, பதிவின் சான்றுபடுத்திய பிரதி வேண்டும் என்று கேளுங்கள். கடிதம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் பணியகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்குப் பின் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பழைய கடவுச்சீட்டு வீட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள். விசாப் பக்கமும் வந்து போன முத்திரைகளும் இன்றைக்கும் சான்றுதான். தொழில் தெரியும் என்பதை நிரூபிக்க இன்னொரு வழி, முன்னனுபவத்தை ஏற்று வழங்கும் என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ். பரீட்சகர் முன் வேலையைச் செய்து காட்டுகிறீர்கள், படிப்புத் தேவையில்லை. வாயால் சொல்லும் பதினைந்து வருட அனுபவத்தைவிட அந்த ஒரு கடதாசிக்கு மதிப்பு அதிகம்.

இப்போது வெளிநாட்டில் நிற்கிற பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்: மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று, ஒப்பந்தம், விசாப் பக்கம் நான்கையும் வந்த மாதமே ஸ்கான் பண்ணி மின்னஞ்சலில் போட வேண்டும். வேலையை விடுகிற அன்று சேவைக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். பிரித்தானியாவில் 2024 இன் முடிவோடு வதிவிட அட்டைக்குப் பதிலாக இணையக் கணக்கில் இருக்கும் ஈ-விசா வந்துவிட்டதால், கணக்குக்குக் கொடுத்த மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் தொலைத்தவர்கள் தங்கள் அனுமதியைத் தாங்களே காட்ட முடியாமல் நிற்கிறார்கள். அந்தக் கணக்கை ஏஜென்சிக்காரரின் மின்னஞ்சலில் திறக்க விடவே வேண்டாம். உங்களைப் பற்றி உள்துறை அமைச்சு வைத்திருக்கும் கோவையின் பிரதியை இலவசமாகக் கேட்கலாம், 1 மாதத்துக்குள் தர வேண்டும். கனடாவிலும் சொந்தக் கோவையைக் கேட்கக் கட்டணமில்லை.

மூலச் சான்றிதழ்களை ஏஜென்சி வைத்திருக்கக் கேட்கிறது. கொடுக்கலாமா? – ஒட்டுசுட்டான்

கொடுக்க வேண்டாம். விசாவுக்குக் கடவுச்சீட்டு மட்டும் போக வேண்டும், அதுவும் பற்றுச்சீட்டோடு. மற்றவை சான்றுபடுத்திய பிரதியாகப் போகட்டும்.

எங்கட கரையோரத்தில வேலை செய்யிற கொம்பனியில வெளிநாட்டு ஆட்கள் நிக்கினம். தொழில்நுட்பவியலாளர் எண்ட பெயரில சாதாரண கூலி வேலையையும் அவையே செய்யினம். என்ன அனுமதியில நிக்கினம் எண்டு கேக்க எங்களுக்கு உரிமை இருக்கோ? – கடற்றொழிலாளர் சங்க உறுப்பினர், முல்லைத்தீவு

இருக்கிறது, மேலே சொன்ன தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். வெளிநாட்டவர் இங்கே வேலை செய்ய வதிவிட விசா வேண்டும். அதை 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் கொடுக்கிறது. அதற்கு முன் சம்பந்தப்பட்ட அமைச்சோ முதலீட்டுச் சபையோ சிபாரிசு செய்திருக்கும். ஆகவே கேள்வி இரண்டு இடத்துக்குப் போக வேண்டும்: விசா பற்றித் திணைக்களத்துக்கு, சிபாரிசு பற்றி அமைச்சுக்கு அல்லது சபைக்கு.

ஆட்களின் பெயரையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள், அந்த மறுப்பில் சட்டமும் அவர்கள் பக்கம்தான். கேட்க வேண்டியது இப்படி: இன்ன திட்டத்துக்கு, இன்ன காலத்தில், எத்தனை வதிவிட விசா வழங்கப்பட்டது, எந்தெந்தத் தொழிற் பெயரில், எந்தத் திகதி வரை, சிபாரிசுக் கடிதத்தில் உள்ளூரில் ஆள் இல்லை என்பதற்கு என்ன காரணம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு விண்ணப்பத்தில் ஒரு திட்டத்தை மட்டும் கேளுங்கள். "எல்லா விவரமும் தருக" என்று எழுதினால் மேலும் 21 நாள் நீடிப்புக் கேட்பார்கள். பெயர்ப் பட்டியல் இல்லாமலேயே, தொழில்நுட்பவியலாளர் என்று எத்தனை பேருக்கு அனுமதி எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை எழுத்தில் வந்துவிட்டால், களத்தில் நிற்கும் ஆட்களோடு அதை ஒப்பிட்டு மாவட்டச் செயலாளரிடமும் மாவட்ட அபிவிருத்திக் குழுவிலும் நீங்கள் கதைக்கலாம்.